தொண்டையில் ஓர் உருண்டை: ஒரு நோய்ப்பெயரின் வரலாறும் அது வகுத்த மருத்துவமும்

ஆய்வுச்சுருக்கம்

விழுங்குவதில் தடையின்றித் தொண்டையில் ஏதோ ஓர் உருண்டை தங்கியிருப்பதாக நீடித்துத் தோன்றும் உணர்வு, ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் 'குளோபஸ் ஹிஸ்டெரிகஸ்' என வழங்கப்பட்டது. கருப்பை, நரம்பு, மனம், இரைப்பை அமிலம் எனக் காலந்தோறும் இதற்கு வெவ்வேறு காரணங்கள் கற்பிக்கப்பட்டன. காரணத்தைக் குறித்த பெயரே மருத்துவத்தையும், நோயாளியின் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பையும் முடிவு செய்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொண்டை அடைப்பு, ஹிஸ்டீரியா, மருத்துவ வரலாறு, நோய்ப்பெயரிடல், அமிலப் பின்னோட்டம்

முன்னுரை

துயரம் மிகும்போது 'தொண்டை அடைத்துக்கொண்டது' என்பது தமிழ் வழக்கு. அழுகை அடங்கியதும் அவ்வடைப்பு நீங்கிவிடும். சிலருக்கோ அது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிக்கிறது. எச்சிலை விழுங்கும்போது மிகுந்தும், உணவு உண்ணும்போது குறைந்தும் தோன்றுவது இதன் தனித்தன்மையாகும். தொண்டையைச் சோதித்தால் அங்கு எதுவும் தென்படுவதில்லை.

இலத்தீனில் 'குளோபஸ்' என்பது உருண்டையைக் குறிக்கும். 'ஹிஸ்டெரிகஸ்' என்பதன் வேர், கருப்பையைக் குறிக்கும் 'ஹிஸ்டெரா' என்னும் கிரேக்கச் சொல். தொண்டையில் தோன்றும் உணர்வு கருப்பையின் பெயரைப் பெற்ற வரலாறும், அப்பெயர் நீங்கிய வரலாறும் இங்கு ஆராயப்படுகின்றன.

அலையும் கருப்பை

ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மகளிர் மருத்துவ நூல்கள், கருப்பை ஈரம் வற்றித் தன் இடம்விட்டு மேலேறும்போது மூச்சுத் திணறல் உண்டாவதாகக் கூறுகின்றன. கருப்பையை உடலுக்குள் அலையும் உயிரியாகக் காட்டும் கருத்து பிளேட்டோவின் 'டிமேயஸ்' நூலிலும் உள்ளது. காரணம் இதுவானால் மருத்துவமும் அதற்கேற்பவே அமையும். மூக்கருகே கெட்ட நாற்றமுடைய பொருள்களைக் காட்டிக் கருப்பையைக் கீழே விரட்டுவதும், கீழிருந்து நறுமணமூட்டி அதனை ஈர்ப்பதும் சிகிச்சையாயின. திருமணமும் கருத்தரிப்பும்கூட மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டன.

இக்கருத்து அக்காலத்திலேயே மறுக்கப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எபேசஸ் நகரத்து மருத்துவர் சொரானஸ், கருப்பை வளையிலிருந்து வெளிவரும் விலங்கைப்போல் அலைவதில்லை என்று எழுதினார். நாற்றமூட்டும் முறையையும் கண்டித்தார். எனினும் கோட்பாடு மறுக்கப்பட்ட பின்னரும் மருத்துவமுறை மறையவில்லை. எரித்த இறகும் பெருங்காயமும் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்களின் கையில் இருந்தன.

சூனியமா, நோயா?

1602இல் இலண்டனில் நிகழ்ந்த வழக்கு ஒன்று, காரணம் கற்பித்தலின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது. மேரி குளோவர் என்னும் 14 வயதுச் சிறுமிக்குத் தொண்டை அடைப்பும் வலிப்பும் தோன்றின. எலிசபெத் ஜாக்சன் என்னும் மூதாட்டியின் சாபமே காரணம் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. எட்வர்ட் ஜோர்டன் என்னும் மருத்துவர் இது இயற்கையான நோயே எனச் சாட்சியம் அளித்தார். குணப்படுத்த இயலுமா என்னும் கேள்விக்கு அவரால் உறுதி கூற முடியவில்லை. ஜாக்சன் குற்றவாளி எனத் தீர்ப்பாகிச் சிறைத்தண்டனை பெற்றார்.

அடுத்த ஆண்டு, 1603இல், ஜோர்டன் இந்நோயைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சூனியம் என்று கருதப்பட்டதைக் கருப்பையிலிருந்து எழும் நோய் என அவர் விளக்கினார். கருப்பைக் கோட்பாடு பிழையானதே. ஆயினும் இவ்விடத்தில் அது ஒரு மூதாட்டியைக் காக்கும் வாதமாகப் பயன்பட்டது. தீர்வு காட்ட இயலாத காரணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது கருதத்தக்கது.

நரம்பும் தசையும்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் வில்லிஸ் இந்நோயின் இருப்பிடத்தைக் கருப்பையிலிருந்து மூளைக்கும் நரம்புகளுக்கும் மாற்றினார். 1682இல் தாமஸ் சிடன்ஹாம், ஒத்த குறிகள் ஆண்களிடமும் காணப்படுவதைச் சுட்டினார். 1707இல் ஜான் பர்செல், கழுத்தின் முன்புறத் தசைகள் இறுகித் தைராய்டு குருத்தெலும்பை அழுத்துவதால் உருண்டை உணர்வு தோன்றுகிறது என விளக்கினார். தொண்டை நோய்க்குத் தொண்டையிலேயே காரணம் தேடிய முயற்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. ஆயினும் அவர் நூலின் தலைப்பிலும் ஹிஸ்டீரியா என்னும் சொல்லே நின்றது.

பெயரால் மறைந்த நோய்

1854இல் இசையாசிரியர் மானுவல் கார்சியா சிறு கண்ணாடிகளின் உதவியால் தம் குரல்வளையைத் தாமே கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் டியூர்க், செர்மாக் ஆகியோர் அம்முறையை மருத்துவத்திற்குக் கொண்டுவந்தனர். உயிருள்ளோரின் தொண்டையைக் காண வழி பிறந்தது. ஆனால் காணக்கூடியது எதுவும் இல்லாதபோது, 'நோய் இல்லை' என்றோ 'மனத்தில் உள்ளது' என்றோ முடிவு செய்யவும் அதுவே வழிவகுத்தது.

இம்முடிவின் இடர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. 1919இல் கார்டிஃப் நகரின் பாட்டர்சனும் கிளாஸ்கோ நகரின் பிரவுன் கெல்லியும், விழுங்க இயலாமல் துன்புற்ற நடுத்தர வயதுப் பெண்களைப் பற்றித் தனித்தனியே எழுதினர். 1922இல் அமெரிக்க மருத்துவர் வின்சன், தம் மூத்த சகாவான பிளம்மரின் நோயாளிகள் உள்ளிட்டோரின் இதே நிலையை 'ஹிஸ்டீரியா சார்ந்த விழுங்கற்கேடு' என்னும் தலைப்பில் வெளியிட்டார். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையும், உணவுக்குழாயின் மேற்பகுதியில் உருவாகும் மெல்லிய சவ்வுமே இந்நோயின் கூறுகள் எனப் பின்னர் தெளிவாயிற்று. இப்பெண்களிடம் கீழ்த்தொண்டைப் புற்றுநோய் மிகுதி என்பதைப் பாட்டர்சன் கவனித்திருந்தார். 1936இல் ஸ்டாக்ஹோமிலிருந்து ஆல்போம் வெளியிட்ட ஆய்வு அதனை வலுப்படுத்தியது.

உருண்டை உணர்வும் விழுங்கற்கேடும் வேறு வேறானவை. முன்னதில் உணவு தடையின்றி இறங்கும், பின்னதில் தடைப்படும். இரண்டையும் ஹிஸ்டீரியா என்னும் ஒரே சொல்லால் மூடியதே பிழையாயிற்று. இரும்புச்சத்து தேவைப்பட்ட உடலுக்கு மனநோய்ப் பெயர் சூட்டப்பட்டது.

பெயர் மாற்றமும் புதிய காரணமும்

1968இல் மால்கம்சன், இவ்வுணர்வுடைய நோயாளிகளில் பெரும்பாலோர் ஹிஸ்டீரியா இயல்பினர் அல்லர் எனக் கண்டு, தொண்டையை மட்டும் குறிக்கும் 'குளோபஸ் ஃபாரிஞ்சியஸ்' என்னும் பெயரை முன்மொழிந்தார். 1982இல் தாம்சனும் ஹீட்டனும் வெளியிட்ட ஆய்வில், நலமுடையோராகத் தோன்றியவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் இவ்வுணர்வை எப்போதேனும் பெற்றிருந்தனர். ஆண், பெண் இருபாலரிடமும் இது ஏறத்தாழச் சமமாகவே காணப்படுகிறது. மருத்துவரை நாடுவோரில் பெண்கள் மிகுதி. பழைய நூல்கள் இதனைப் பெண்களின் நோயாகக் கண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஹிஸ்டீரியா விலகிய இடத்தை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமிலப் பின்னோட்டம் பெற்றது. இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையை உறுத்துகிறது என்னும் விளக்கத்தின் அடிப்படையில் அமிலச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகள் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டன. 2021இல் வெளியான பிரித்தானியச் சோதனை இதனை நேரடியாக ஆராய்ந்தது. நீடித்த தொண்டைக் குறிகளுடைய 346 பேருள் ஒரு பிரிவினர்க்கு லான்சோபிரசோல் 30 மில்லிகிராம் நாள்தோறும் இருவேளை, 16 வாரம் அளிக்கப்பட்டது. மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரை அளிக்கப்பட்டது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினர். நெஞ்செரிச்சல் உடையோர்க்கு இம்மருந்தின் பயனை இம்முடிவு மறுக்கவில்லை. தொண்டைக் குறியை மட்டும் கொண்டு அமிலத்தைக் காரணமாக்குவதையே அது கேள்விக்குள்ளாக்குகிறது.

2016இல் வெளியான நான்காம் ரோம் அளவைகள் காரணத்தை முன்கூட்டிக் கூறாமல் நோயை வரையறுக்கின்றன. வலியற்ற உருண்டை உணர்வு உணவுவேளைகளுக்கு இடையே தோன்ற வேண்டும். விழுங்கத் தடையோ வலியோ இருத்தலாகாது. விளக்கத்தக்க வேறு உடற்கூற்று நோய் இருத்தலும் ஆகாது. எடை குறைதல், நீடித்த குரல் மாற்றம், ஒருபக்க வலி, கழுத்தில் கட்டி, விழுங்கத் தடை ஆகியவை இருப்பின் உடனடி ஆய்வு தேவை. அவை இல்லாதபோது உரிய சோதனை, தெளிவான விளக்கம், அடிக்கடி தொண்டையைச் செருமாதிருத்தல், பேச்சுப் பயிற்சி ஆகியவை இன்றைய மருத்துவத்தில் இடம்பெறுகின்றன. கழுத்துத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சிகள் பர்செலின் விளக்கத்தை நினைவூட்டுகின்றன.

முடிவுரை

கருப்பைக் கோட்பாடு நோயாளியின் உணர்வை ஏற்றுக் காரணத்தில் பிழைபட்டது. மனநோய்க் கோட்பாடு அவ்வுணர்வையே ஐயுற்றது. அமிலக் கோட்பாடு ஐயத்தை நீக்கினாலும் சான்றுக்கு முன்னரே உறுதி பெற்றது. மூன்றிலும் பொதுவாக அமைந்தது, காரணம் அறியாத இடத்தில் காரணத்தின் பெயரைச் சூட்டியமையே. பெயர் சூட்டியபின் தேடல் நின்றது. 1922இன் பெண்கள் அதற்குச் சான்று. உணர்வை மட்டும் குறிக்கும் பெயர் தேடலைத் திறந்து வைக்கிறது. நீடித்த தொண்டைத் தொல்லையின் மருத்துவம், நோயாளி கூறுவதை முழுமையாகக் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிவாகும்.