பேரேட்டில் ஏறாத பெயர்கள்

காஞ்சனபுரி! பெயரைக் கேட்டால் மதுரைப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இது தாய்லாந்தில் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். 'காஞ்சனம்' என்றால் பொன். பொன்னூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பொன்னூரில் வருஷா வருஷம், நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலுமாக ஒரு திருவிழா நடக்கும். 'க்வாய் நதிப் பாலம் வாரம்' என்று பெயர். பெயர்தான் வாரம், கூத்து பத்து நாள் வரைகூடப் போகும். நம்ம ஊர்ப் பொருட்காட்சி எப்படி இருக்குமோ, அப்படி ஒரு கலகலப்பு. தின்பண்டக் கடைகள், ஆட்டம், பாட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் சந்தை, குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள்...

முக்கியமான அயிட்டம் இருட்டிய பிறகுதான். ஆற்றின் மேல் நிற்கும் அசல் ரயில் பாலத்தில் ஒளி-ஒலிக் காட்சி. ஜப்பானியர் வந்தது, கைதிகள் பாலம் கட்டியது, நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டது... எல்லாம் வரிசையாக வரும். நிஜ ரயில் ஒன்று பாலத்தின் மேல் ஓடும். வெடிச் சத்தம் காதைப் பிளக்கும். தண்ணீரெல்லாம் செந்நிறம். ஜனங்கள் கை தட்டுவார்கள்.

தட்டட்டும், தப்பில்லை. ஓர் ஊர் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்வது நல்ல விஷயம். உள்ளூர்க்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள அங்கே நிஜமாகவே காரணம் உண்டு. பூன்பாங் என்று ஒரு வியாபாரி. கைதிகள் முகாமுக்குச் சரக்கு சப்ளை செய்கிற கான்ட்ராக்ட் அவருடையது. காய்கறி மூட்டைக்குள் மருந்தை மறைத்து அனுப்பினார். கைதிகளுக்குக் கடன் கொடுத்தார். ஜப்பானியரிடம் மாட்டியிருந்தால் தலை போயிருக்கும். அப்படிப்பட்ட மனிதர் பிறந்த நாட்டில் விழா எடுக்காமல் வேறெங்கே எடுப்பது?

ஆனால் அந்தக் கதையில் ஓர் ஆள் குறைகிறார். ஓர் ஆளா? பல்லாயிரம் பேர்! அதில் பெரும்பங்கு நம் ஆட்கள்.

கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. மலாயா ஏற்கெனவே அவர்கள் கையில். பர்மாவும் விழுந்துகொண்டிருந்தது. பர்மாவைத் தாண்டினால் இந்தியா. அங்கே இருக்கும் படைக்கு அரிசி, குண்டு, ஆள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். கடல் வழியாக மலாக்கா ஜலசந்தியைச் சுற்றிப் போகலாம்தான். ஆனால் வழியில் நேசநாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன.

அப்படியானால் நிலத்தின் வழியாகப் போவோம் என்று முடிவு செய்தார்கள். தாய்லாந்தில் இருக்கும் ரயில் பாதையை பர்மாவில் இருக்கும் பாதையோடு சேர்த்துவிட்டால் போதும். நடுவில் சுமார் 415 கிலோமீட்டர். மலை, காடு, மலேரியா, பேய் மழை. பல வருஷங்களுக்கு முன்பே பிரிட்டிஷ்காரர்கள் இதே வழியைப் பார்த்துவிட்டு, 'நமக்கு வேண்டாம் இந்த வம்பு' என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானியர் விடவில்லை. 1942-ன் நடுவில் ஆரம்பித்து, 1943 அக்டோபர் 17-ம் தேதி இரண்டு முனைகளையும் இணைத்தே விட்டார்கள்.

எப்படி முடிந்தது? மனிதர்களைப் போட்டு முடித்தார்கள். அவ்வளவுதான்.

அறுபதாயிரத்துக்கும் அதிகமான போர்க் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள், கொஞ்சம் அமெரிக்கர்கள். அவர்களில் சுமார் 12,500 பேர் இறந்தார்கள். பட்டினி, காலரா, வயிற்றுப்போக்கு, புரையோடிய புண், அடி.

உலகத்துக்குத் தெரிந்த கதை இதுதான். தெரிய வைத்தது ஒரு சினிமா. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-ல் ஒரு நாவல் எழுதினார். 1957-ல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. ஏழு ஆஸ்கர். ஷூட்டிங் நடந்தது தாய்லாந்தில் அல்ல. நமக்குப் பக்கத்தில், இலங்கையில், களனி ஆற்றங்கரை கிதுல்கலையில்!

அடுத்து நடந்தது பெரிய தமாஷ். படம் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் காஞ்சனபுரிக்கு வந்து, 'எங்கே க்வாய் நதிப் பாலம்?' என்று கேட்டார்கள். அங்கே பாலம் இருந்தது. ஆனால் அது நின்ற ஆற்றின் பெயர் மே க்ளாங். நாவலாசிரியர் ஆற்றை மாற்றி எழுதிவிட்டார். தாய்லாந்து அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 1960-ல் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது! அந்தப் பகுதிக்கு 'க்வே யாய்' என்று பெயர் வைத்தார்கள். 'க்வே' என்றால் கிளை நதி. அதை 'க்வாய்' என்று இழுத்தால் தாய் மொழியில் எருமை என்று அர்த்தம் வரும். ஆனால் அதுதான் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

கதைக்காக ஓர் ஆறே பெயரை மாற்றிக்கொண்டது. அதே கதையில் விடுபட்டுப்போன மனிதர்களுக்கு என்ன ஆயிற்று?

போர்க் கைதிகள் மட்டும் அந்தப் பாதையைப் போடவில்லை. அவர்களைப்போல மூன்று மடங்குக்கும் மேலான ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், தமிழர். மொத்தம் 1,80,000 என்கிறார்கள். 2,50,000 என்றும் சொல்கிறார்கள். இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்று பொதுவாகக் கணக்கு சொல்லப்படுகிறது. கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். கவனித்தீர்களா? கைதிகளின் கணக்கில் ஓரளவு துல்லியம் இருக்கிறது. கூலிகளின் கணக்கில் பல்லாயிரம் பேர் அப்படியும் இப்படியும் ஆடுகிறார்கள்.

மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலானவர்கள் ரப்பர் தோட்டத் தமிழர்கள். அவர்களோ அவர்களுடைய அப்பா அம்மாவோ தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று நம் மாவட்டங்களிலிருந்து கங்காணி பேச்சை நம்பிக் கப்பல் ஏறியவர்கள்.

ஏன் போனார்கள் என்று கேட்பீர்கள். போர் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்கார துரைகள் கிளம்பிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. வேலை போச்சு, அரிசி போச்சு. அந்த நேரத்தில் ஜப்பானியர் வந்து, 'ரயில் வேலை, மூன்று மாசம்தான், தினம் ஒரு டாலர் கூலி, சாப்பாடு இலவசம்' என்றால் பசித்தவன் என்ன செய்வான்? முதலில் போனவர்களில் பலர் விரும்பித்தான் போனார்கள். சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு போயின.

மூன்று மாசம் கழிந்தது. போனவர்கள் திரும்பவில்லை. அங்கே நடப்பது மெள்ளக் கசிந்தபோது, யாரும் வர மறுத்தார்கள். அதற்கப்புறம் பலவந்தம்தான். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு. தப்பிவந்தவர்கள் சொன்ன ஒரு சம்பவம் நெஞ்சை என்னவோ செய்யும். 'இலவச சினிமா' என்று சொல்லிக் கூட்டம் சேர்ப்பார்களாம். உள்ளே போனதும் கதவைச் சாத்தி, ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றிவிடுவார்களாம்.

காட்டில் என்ன நடந்தது? கைதிகள் பட்ட பாடுதான் இவர்களுக்கும். ஒரு வித்தியாசம். கைதிகளோடு அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிவுக்குழியைத் தள்ளித் தோண்டு என்று அதட்ட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத் தமிழனுக்கு யாருமில்லை. 1943 மே, ஜூன் மாசங்களில் மழையோடு காலரா இறங்கியபோது கூலி முகாம்கள் மொத்தமாகச் சரிந்தன. நிலைமை முற்றியபிறகு ஜப்பானியர் சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து மருத்துவம் தெரிந்த கைதிகளைக் 'கே ஃபோர்ஸ்', 'எல் ஃபோர்ஸ்' என்று இரண்டு குழுவாக அனுப்பினார்கள். சில நூறு பேர். லட்சத்துக்கு மேலான கூலிகளுக்கு!

இப்போது என் தொழில் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. படித்தது பி.காம். அதனால் எதைப் பார்த்தாலும் பேரேடு எங்கே என்றுதான் கண் தேடும்.

ஒரு போர்க் கைதி இறந்தால் அவர் பெயர், ரெஜிமென்ட், எண், தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் சக கைதிகள் ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். காகிதத்தை மூங்கிலுக்குள் ஒளித்தார்கள், கல்லறைக்குள்ளேயே புதைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு காட்டுக்குள் போய் ஒவ்வொரு உடலாக எடுத்தார்கள். விளைவு? காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு எதிரே, பச்சைப் புல்வெளியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெயர் தெரிந்தவருக்கெல்லாம் பெயரோடு பலகை. ஒரு செடி வாடினால்கூடக் கவனிக்க ஆள் உண்டு. அதைச் செய்யும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வேலை ராணுவத்தினரைப் பற்றியது. கூலி அதில் சேர மாட்டான்.

கூலிக்குப் பேரேடு யார் எழுதினார்கள்? தோட்டத்திலிருந்து புறப்பட்டபோது அவன் பெயர் இல்லை, 'இத்தனை தலை'. முகாமில் ஓர் எண். செத்தால் குழி, அல்லது நெருப்பு. காட்டுக்குள் ஓடி அங்கே செத்தவன் எந்தக் கணக்கிலும் இல்லை. வீட்டில் காத்திருந்தவளுக்குக் கடிதாசி எழுதக்கூட ஆளில்லை.

இன்னொரு கணக்கும் கேளுங்கள். போர் முடிந்ததும் தாய்லாந்துப் பகுதி ரயில் பாதையை பிரிட்டிஷ் அரசு தாய்லாந்துக்கே விற்றது. விலை 5 கோடி பாட். தண்டவாளத்துக்கு மதிப்புப் போட்டார்கள். பாலத்துக்கும் பெட்டிக்கும் போட்டார்கள். குண்டு விழுந்து உடைந்த பாலத்துக்கு இரண்டு புது இரும்புச் சட்டங்களை ஜப்பான் நஷ்டஈடாகக் கொடுத்தது. போய்ப் பார்த்தால் தெரியும்: மற்றவை வளைவாக இருக்கும், நடுவில் அந்த இரண்டு மட்டும் கோணலும் நேருமாக இருக்கும். செத்த தமிழன் மட்டும் எந்தப் பத்தியிலும் வரவில்லை. ஜப்பானியர் மலாயாவில் அச்சடித்துவிட்ட வாழைமர நோட்டுகளும் போர் முடிந்த அன்றைக்கே வெறும் காகிதம்.

அப்படியானால் நம்மவர்களுக்கு அந்த ஊரில் அடையாளமே கிடையாதா? உண்டு. முதல் அடையாளத்தை வைத்தது யார் என்று சொன்னால் திகைப்பீர்கள். ஜப்பானிய ராணுவமே! 1944-ல், பாலத்துக்குப் பக்கத்தில், வேலையில் இறந்தவர்களுக்காக அவர்கள் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். அதைச் சுற்றிய பலகைகளில் பல மொழிகள். அதில் ஒன்று தமிழ். கொன்றவன் ஒரு கல் வைத்தான். ஆண்டவன் அதுவும் வைக்கவில்லை.

இரண்டாவது அடையாளம், போர்க் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கும் வாட் தாவோர்ன் என்ற புத்தக் கோயிலில். பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளைத் திரட்டி அங்கே ஒரு நினைவிடத்தில் வைத்திருக்கிறார்கள். அதே கோயில் வளாகத்தில் 2023-ல்தான் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழுந்தது. தாய்லாந்து, மலேசியத் தமிழர்கள் விடாமல் முயன்றதன் பலன். வீரம் செய்து விழுந்தவனுக்கு ஊர்க்கோடியில் கல் நடுவது நம் பழைய வழக்கம். இவர்களுக்கு அது கிடைக்க எண்பது வருஷம்.

கல்லுக்கு முன்பே எழுத்து வந்துவிட்டது. மலேசிய எழுத்தாளர் ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இந்தக் கொடுமையை நாவலாக்கியவை. ஆஸ்கர் கிடைக்கவில்லை. ஆற்றின் பெயரும் மாறவில்லை. ஆனால் கதையில் நம் ஆள் இருக்கிறான்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. நாவல் எழுதினாரே பியர் பூல், அவர் போருக்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் அதிகாரி! தமிழ்த் தொழிலாளிகளைத் தினம் தினம் கண்ணால் பார்த்தவர். அவர் எழுதிய பாலக் கதையிலும் நாயகர் பிரிட்டிஷ் கர்னல்தான்.

அதனால், பாங்காக் டூர் போகிற நண்பர்களே... காஞ்சனபுரிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். திருவிழா சமயமானால் ஒளி-ஒலிக் காட்சியைத் தாராளமாகப் பாருங்கள். மறுநாள் காலையில் அந்தக் கோயிலுக்குப் போய் நடுகல்லில் ஒரு பூ வையுங்கள்.

போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். 'மலாயாவுக்குப் போனார், அப்புறம் தகவலே இல்லை' என்று ஒரு தாத்தாவைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ உங்கள் குடும்பத்தில் பேச்சு உண்டா? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் எந்தத் தோட்டம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரேட்டில் முதல் வரியை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும்.