இருபது நாள் சும்மா விட்ட கடிகாரம்

இன்னைக்கு ஒரு கடிகாரத்தைப் பத்திப் பேசலாம். 1977-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் விண்ணுக்கு அனுப்பிய கடிகாரம். கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர் உயரம். ஏதாவது கோளாறு என்றால் ஏணி வைத்து ஏறிப்போய்ச் சரிபண்ண முடியாது.

ஜூன் 23 அன்று கிளம்பிய அந்தச் செயற்கைக்கோளின் பேர் என்டிஎஸ்-2. இப்போ நம்ம போனில் மேப் ஓடுதே, அந்த ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோட்டம். சுற்றுப்பாதைக்குப் போன முதல் சீசியம் அணுக்கடிகாரம் அதுக்குள்ளதான் இருந்தது.

மேப்புக்கு எதுக்கு இவ்வளவு துல்லியமான கடிகாரம்? சிக்னல் எப்போ கிளம்புச்சு, எப்போ வந்து சேர்ந்துச்சு என்பதை வைத்துத்தான் தூரத்தையே கணக்கிடுறாங்க. சிக்னல் ஒளி வேகத்தில் வருது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோசெகண்ட் பிசகினால் 300 மீட்டர் பிசகும். உங்க ஆட்டோ அடுத்த தெருவில் நிக்கும்.

இங்கதான் ஐன்ஸ்டீன் வர்றார். மேலே ஈர்ப்பு குறைவு. அதனால் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் 45 மைக்ரோசெகண்ட் வேகமாக ஓடும். செயற்கைக்கோள் பறக்கிற வேகத்தால் சுமார் 7 மைக்ரோசெகண்ட் மெதுவாகும். கழித்தால் 38 மைக்ரோசெகண்ட் வேகம். இப்போ இதைப் பாடப்புத்தகக் கணக்கு மாதிரி சொல்லிடலாம். அன்னைக்கு அப்படி இல்லை. திருத்தம் எவ்வளவு, கூட்டணுமா கழிக்கணுமா என்பதிலேயே குழப்பம். இதெல்லாம் நிஜமாவே கணக்கில் சேர்க்க வேண்டிய விஷயமா என்று சந்தேகப்பட்டவங்களும் இருந்தாங்க.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது. அதிர்வெண்ணைத் திருத்துற ஒரு கருவியை உள்ளே வெச்சாங்க. தரையிலிருந்து கட்டளை அனுப்பினால் அது வேலை செய்யும். அனுப்பலைன்னா சும்மா இருக்கும். மேலே போனதும் அதை இயக்காமல் சுமார் 20 நாள் கடிகாரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, தரைக் கடிகாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கோட்பாடு சொன்னது: லட்சம் கோடியில் 446.5 பங்கு வேகம். அளந்தது: 442.5. அந்தக் கடிகாரத்தின் துல்லியத்துக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. உடனே கட்டளை போச்சு, திருத்தம் வேலை செய்ய ஆரம்பிச்சுது.

ஐன்ஸ்டீன் ஜெயிச்சார் என்பதுகூட எனக்குப் பெரிசாத் தெரியலை. நம்பினவங்க, நம்பாதவங்க ரெண்டு பேருக்கும் இடம் கொடுத்து ஒரு சுவிட்ச் வெச்சாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

பிறகு வந்த ஜிபிஎஸ் கடிகாரங்களைத் தரையிலேயே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி அமைத்து அனுப்பினாங்க. ஆனாலும் ஒவ்வொரு கடிகாரமும் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் விலகும். அதுக்காக தினமும் முள்ளைத் திருப்புறதில்லை. 'இந்தக் கடிகாரம் இப்போ இவ்வளவு தப்பு, இவ்வளவு வேகத்தில் தப்பிக்கிட்டு இருக்கு' என்கிற குறிப்பைக் கணக்குப் போட்டு மேலே அனுப்புவாங்க. சிக்னலோட சேர்ந்து அந்தக் குறிப்பும் நம்ம போனுக்கு வரும். பழைய கப்பல் மாலுமிகளும் இதைத்தான் செய்தாங்க: குரோனோமீட்டரைத் திருப்பாமல், நாளுக்கு எத்தனை நொடி விலகுது என்று எழுதி வெச்சுக்கிட்டாங்க.

குறிப்பே தப்பாப் போனால்? 2016 ஜனவரியில் ஒரு பழைய செயற்கைக்கோளை ஓய்வு கொடுத்து விலக்கும்போது அதுதான் நடந்தது. உலக நேரத்துக்கும் ஜிபிஎஸ் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிற எண் சுமார் 13 மைக்ரோசெகண்ட் தப்பாக மேலே ஏறிடுச்சு. கடிகாரங்கள் எல்லாம் ஒழுங்காத்தான் ஓடிக்கிட்டு இருந்தது. மேப்புக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனால் ஜிபிஎஸ்ஸிடம் நேரம் கேட்டு வாழுற கருவிகள் தடுமாறின. பிரிட்டனில் பிபிசியின் டிஜிட்டல் ரேடியோ ஒலிபரப்பே பாதிக்கப்பட்டது.

கடிகாரமே செத்துப்போனால், தரையிலிருந்து என்ன கட்டளை அனுப்பியும் பிரயோஜனம் இல்லை. 2013-ல் இஸ்ரோ ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-வில் மூணு ரூபிடியம் கடிகாரம். மூணும் பழுதாச்சு. 2017-ல் மாற்று அனுப்பினாங்க. வெப்பக் கவசம் பிரியாமல் அதுவும் போச்சு. 2018 ஏப்ரலில் போனதுதான் சரியாப் போய்ச் சேர்ந்தது. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01-ல் முதன்முறையாக இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் ஏறியது. அந்தக் கதை அடுத்த எபிசோடில்.