பரங்கிப்பேட்டை இரும்பாலையும் கம்பெனிச் சட்டமும்

பரங்கிப்பேட்டை என்றதும் சிலருக்கு ஹைதர் அலி 1781ல் ஆங்கிலேயரோடு போட்ட சண்டை ஞாபகம் வரும். சிலருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். மற்றவர்களுக்கு மீனும் நண்டும். ஆனால் இந்த ஊரில் ஒரு காலத்தில் இரும்பு உருக்கும் ஆலை இருந்தது என்றால் பக்கத்தில் சிதம்பரத்துக்காரர்களே நம்ப மாட்டார்கள்! ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்க இந்தியாவில் நடந்த ஆரம்ப முயற்சிகளில் அதுவும் ஒன்று.

ஆரம்பித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். சேலம் பக்கத்து இரும்புத் தாதுவைப் பார்த்துவிட்டு, நல்ல உத்தியோகத்தை விட்டு இதில் இறங்கினார். 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது.

தாது சேலத்தில் இருக்கிறது, ஆலை ஏன் கடற்கரையில்? காரணம் கப்பல். தாதுவைப் படகில் ஏற்றி கொள்ளிடம் வழியாகவும் கால்வாய் வழியாகவும் கொண்டுவந்து, இங்கே உருக்கி, இரும்பை நேராக இங்கிலாந்துக்கு அனுப்பிவிடலாம். வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா பாலத்துக்குக்கூட இந்த இரும்பு போனது என்று சொல்வார்கள். எரிபொருள் நிலக்கரி அல்ல, மரக்கரி. கடைசியில் வம்பு வந்தது அங்கேதான். காட்டை வெட்ட வெட்ட அடுத்த காடு இன்னும் தூரத்தில் இருக்கும். போன வருஷம் ஒரு டன் இரும்புக்கு ஆன செலவை வைத்து அடுத்த வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்களுக்கு இது புரியும்.

சரி, பணம் யாருடையது? பெரும் பங்கு அரசாங்கத்தின் முன்பணம். அந்த அரசாங்கமே கிழக்கிந்தியக் கம்பெனிதான். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனி உரிமையைக் கொடுத்ததும் அதேதான். உரிமை கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் ஊரை ஆள்பவரும் ஒருவரே! வெளியாள் ஒருவர் வந்து கணக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அன்று ஒரு சட்டமும் கிடையாது. 1833ல் போர்ட்டோ நோவோ ஸ்டீல் அண்ட் அயர்ன் கம்பெனி உருவானபோதும் இந்தியாவில் கம்பெனிச் சட்டம் என்ற ஒன்றே இல்லை.

அப்போது ஒரு கம்பெனியில் பங்கு வாங்குவது என்பது விளையாட்டு இல்லை. தனி அரச சாசனமோ பாராளுமன்றத்தின் தனிச் சட்டமோ இல்லாவிட்டால், கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நாளில் பங்குதாரரின் வீடு வாசல் வரை கடன்காரர்கள் வரலாம். பொறுப்புக்கு எல்லையே இல்லை. அதுவே போதுமான காவல், கணக்கு வேறு எதற்கு என்று நினைத்தார்கள் போலும்.

இங்கிலாந்தில் 1844ல்தான் கூட்டுப் பங்கு நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், பாலன்ஸ் ஷீட் போட வேண்டும், ஆடிட்டர் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த ஆடிட்டருக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை, பங்குதாரர்களில் ஒருவரே போதும். அதைப் பார்த்து இந்தியாவில் 1850ல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. பிறகு இங்கிலாந்தில் 1855ல் 'லிமிடெட்' வந்தது. பங்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு மேல் பங்குதாரர் பொறுப்பில்லை. 1857ல் இந்தியாவுக்கும் வந்தது (வங்கிகளுக்கு மட்டும் 1860 வரை இல்லை).

இதில் வேடிக்கை என்னவென்றால், பொறுப்புக்கு எல்லை கட்டிய கையோடு, கணக்கையாவது இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர் எதிர். 1856 ஆங்கிலச் சட்டம் தணிக்கையைக் கட்டாயத்திலிருந்து எடுத்து, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று மாதிரி விதிகளில் தள்ளிவிட்டது. நம் 1857 சட்டம் அதைப் பார்த்து எழுதியதுதான். இங்கிலாந்தில் தணிக்கை மறுபடி கட்டாயமானது 1900ல்.

இதற்குள் பரங்கிப்பேட்டை ஆலை 1853ல் தொடங்கிய ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனியின் கைக்குப் போய், 1860களில் உலையும் அணைந்துவிட்டது. ஹீத்துக்கும் நல்ல முடிவு இல்லை. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகள் அதனால் கொழித்தன. இவரோ வழக்கு வழக்கென்று அலைந்து ஏழையாகச் செத்தார்.

எல்லையில்லாப் பொறுப்பு காவல் அல்ல என்பது மதராஸுக்குப் புரிந்தது 1906 அக்டோபரில். அர்பத்நாட் அண்ட் கோ திவாலானது. அது லிமிடெட் கம்பெனி அல்ல, பங்காளிகள் நடத்திய கூட்டு வியாபாரம். சட்டப்படி பங்காளிகளின் கடைசிக் காசு வரை பொறுப்பு உண்டு. ஆனால் அந்தக் கடைசிக் காசு எங்கே? வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வைத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அவர் ஜெயிலுக்குப் போனதால் யாருக்கும் பணம் திரும்பி வந்துவிடவில்லை. புத்தகத்தை யாராவது முன்பே திறந்து பார்த்திருந்தால்தான் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

அந்த இடிபாட்டிலிருந்து 1907ல் எழுந்ததுதான் இந்தியன் வங்கி. அதன் முதல் இயக்குநர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் வைத்த ராமசாமி செட்டியார். 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியாரின் அண்ணன். இன்று அங்கே பி.காம் படிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

1913 கம்பெனிச் சட்டம்தான் இந்தியாவில் ஆடிட்டருக்குத் தகுதி வேண்டும், அரசின் சான்றிதழ் வேண்டும் என்றது. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1949 ஜூலை 1. அந்த நாளை இன்றும் சி.ஏ. தினம் என்று கொண்டாடுகிறார்கள். (பரங்கிப்பேட்டைச் சண்டை நடந்ததும் ஒரு ஜூலை 1தான்!) பிறகு 1956 சட்டம், அது எல்லோரும் பாடத்தில் படித்தது.

தகுதியான ஆடிட்டரும் வந்தாயிற்று, கட்டாயத் தணிக்கையும் வந்தாயிற்று. அப்புறமும் 2009 ஜனவரி 7ல் சத்யம் ராமலிங்க ராஜுவின் கடிதம் வந்தது. கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை. அந்த பாலன்ஸ் ஷீட்டைப் பங்குதாரர்கள் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆடிட்டர் கையெழுத்தும் அதில் இருந்தது.

2013 சட்டம் கை வைத்தது அந்தக் கையெழுத்தில். லிஸ்டெட் கம்பெனிகளில் தனி ஆடிட்டர் ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது, தணிக்கை நிறுவனம் என்றால் பத்து வருஷம். மோசடி கண்ணில் பட்டால் அவரே அரசுக்குச் சொல்ல வேண்டும். ஆடிட்டர்களைத் தண்டிக்கும் அதிகாரம் அதுவரை அவர்களுடைய சொந்த அமைப்பிடம் இருந்தது. பெரிய கம்பெனிகளின் தணிக்கை விஷயத்தில் அது 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையத்திடம் போனது. அப்படிப் போகக்கூடாது என்று ஆடிட்டர்கள் தரப்பு கடுமையாக எதிர்த்தும் பார்த்தது.