ஃபிட்ஸ் மாதிரியே வரும், ஆனால் வலிப்பு நோய் இல்லை: 150 வருடக் கதை

"ஸ்கேன் நார்மல், இ.இ.ஜி நார்மல்னு சொல்றீங்க. அப்போ இவ நடிக்கிறாளா டாக்டர்?"

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது.

இதே கேள்வியோடு 150 வருடங்களுக்கு முன்னால் பாரிஸில் ஒரு மருத்துவர் மல்லுக்கட்டியிருக்கிறார். வாங்க, அங்கிருந்து ஆரம்பிப்போம்.

சால்பெட்ரியே மருத்துவமனை. முன்பு வெடிமருந்து செய்த இடம். பிறகு ஆதரவற்ற ஏழைப் பெண்களை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்த இடம். 1862-ல் அங்கே பொறுப்புக்கு வந்தவர் ஷார்கோ.

1870 வாக்கில் ஒரு கட்டடம் பழுதாகிவிட, நோயாளிகளைப் பிரித்தார்கள். மனநோயாளிகள் ஒரு பக்கம். வலிப்பு நோயாளிகளையும் ஹிஸ்டீரியா என்று சொல்லப்பட்டவர்களையும், "ரெண்டு பேருக்கும் கை கால் இழுக்குதுல்ல" என்று ஒன்றாகப் போட்டார்கள். அந்த வார்டு ஷார்கோவிடம் வந்தது.

இதில் யாருக்கு எது? அன்று இ.இ.ஜி கிடையாது. கண், கடிகாரம், தெர்மாமீட்டர், அவ்வளவுதான்!

அவரும் மாணவர் பூர்னவீலும் ஒன்றைக் கவனித்தார்கள். வலிப்பு நோயில் விடாமல் ஃபிட்ஸ் வந்தால் உடல் வெப்பம் கிடுகிடுவென ஏறும், உயிருக்கே ஆபத்தாகும். மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் உதறினாலும் அப்படி ஏறவில்லை.

ஹிஸ்டீரியா என்ற சொல்லே கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஷார்கோவோ, "இது நடிப்பல்ல, நோய். ஆண்களுக்கும் வரும்" என்றார். விபத்துக்குப் பின் பாதிக்கப்பட்ட ஆண் தொழிலாளர்களையே காட்டினார்.

ஆனால் சறுக்கிய இடமும் உண்டு. கூட்டத்துக்கு முன்னால் நோயாளிகளை ஹிப்னாடிஸம் செய்து காட்டினார். ஃபிட்ஸ் நான்கு கட்டமாகத்தான் வரும் என்று விதி எழுதினார். மருத்துவர் எதை எதிர்பார்த்தாரோ, அதுவே வந்தது. 1893-ல் அவர் இறந்த பிறகு அந்த நான்கு கட்ட ஃபிட்ஸும் மெல்ல மறைந்தது.

அவருடைய மாணவர் பாபின்ஸ்கி (ஆமாம், பாதத்தைக் கீறிப் பார்க்கும் பரிசோதனைக்காரரேதான்) மறுகோடிக்குப் போனார். இது மனதில் ஏற்றப்பட்ட கருத்தால் வருவது, பேசியே போக்கலாம் என்றார். முதல் உலகப்போரில் இப்படி நடுங்கிய வீரர்கள் பலரை நடிப்பதாகச் சந்தேகித்து, கரண்ட் ஷாக் வரை கொடுத்தார்கள்.

1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1929-ல் வெளியிட்டார். பின்னாளில் வீடியோவும் இ.இ.ஜி-யும் சேர்ந்தன. விடை கிடைத்தது.

வலிப்பு நோய்: மூளையில் மின்புயல். மற்றது: உடல் உதறுகிறது, ஆனால் அந்த மின்புயல் இல்லை.

அப்போ நடிப்பா? இல்லவே இல்லை. அது அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. மன அழுத்தம், பழைய காயங்கள் பின்னணியில் இருக்கலாம். எல்லோரிடமும் இருக்கும் என்பதும் இல்லை.

எப்படிச் சந்தேகிப்பது?

👉 வலிப்பு நோயில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், 1-2 நிமிடத்தில் நிற்கும், பிறகு குழப்பமும் அசதியும் இருக்கும்.

👉 மற்றதில் பெரும்பாலும் கண் இறுக மூடியிருக்கும், தலை பக்கவாட்டில் ஆடும், விட்டு விட்டு நீண்ட நேரம் போகும்.

இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். சிலருக்கு இரண்டுமே இருக்கும். ஃபிட்ஸ் இல்லாத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி நார்மலாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அதனால் ஃபிட்ஸ் வரும்போது ஒருவர் செல்போனில் வீடியோ எடுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

ஏன் பிரித்தறியணும்? தப்பாகப் புரிந்தால் வருடக்கணக்கில் பலன் தராத மாத்திரை. இதற்கான சிகிச்சை, நோயைத் தெளிவாக விளக்குவதும் முறையான உளவியல் சிகிச்சையும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எந்த ஃபிட்ஸானாலும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108.

"நடிக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.