பாரிஸ் மாநகரும் மாணவரும்

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் உயர்ந்த மண்டபங்களும், நூல்நிலையங்களும், பட்டமளிப்பு விழாக்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகிய பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குத் தொடக்கத்தில் அத்தகைய மண்டபம் எதுவும் இருக்கவில்லை. ஆசிரியர் வாடகை அறைகளிற் கற்பித்தனர். மாணவர் வாடகை அறைகளில் வாழ்ந்தனர். உணவும் பொழுதுபோக்கும் நகரத்தின் தெருக்களிலும் தவறணைகளிலுமே அவர்களுக்குக் கிடைத்தன. அத்தவறணைகளில் எழுந்த இரண்டு சச்சரவுகளே அப்பல்கலைக்கழகத்தின் உரிமைச் சாசனங்களுக்குக் காரணமாயின. அந்த வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

சேன் நதியின் தென்கரையில் மாணவர் வாழ்ந்த பகுதி இன்றும் 'இலத்தீன் வட்டாரம்' என்று வழங்கப்படுகிறது. இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி எனப் பல தேசங்களிலிருந்து வந்தவர்கள் ஒருவரோடொருவர் உரையாடவும் பாடங் கேட்கவும் இலத்தீனே பொதுமொழியாயிற்று. அதனால் வந்த பெயர் அது. கலைப் பிரிவிற் சேர்ந்தோரிற் பலர் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவர். அவர்கள் தத்தம் நாட்டுக்கேற்ப நான்கு குழுக்களாக அமைந்தனர். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் அமர்ந்தே அவர்கள் பாடங் கேட்டனர். அக்கலைக்கூடங்கள் இருந்த தெருவுக்கு 'வைக்கோல் தெரு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இவர்கள் உண்டது என்ன? பொழுது போக்கியது எவ்வாறு? அக்காலத்திற் பாரிஸில் ஆசிரியராயிருந்த ஜோன் ஒவ் கார்லண்ட் என்னும் ஆங்கிலேயர், மாணவருக்கு இலத்தீன் சொற்களைக் கற்பிக்கும் பொருட்டு ஒரு சொற்கோவை எழுதினார். தெருவிற் காணும் பொருள்களையும் தொழில்களையும் ஒவ்வொன்றாகக் கூறிச் செல்லும் அந்நூல், 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸை நம் கண்முன் நிறுத்துகின்றது. பன்றியிறைச்சி, கோழியிறைச்சி, விலாங்கு மீன் ஆகியவற்றை மிளகிட்டு மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டங்கள் அங்கு விற்கப்பட்டன. இரவு வேளையில், வெண்துணியால் மூடிய கூடைகளில் மெல்லிய அப்பங்களைச் சுமந்து வணிகர் கூவித் திரிந்தனர். அக்கூடைகள் மாணவரின் சாளரங்களில் அடிக்கடி தொங்கினவாம்! சூதாட்டத்திற் கூடையையே பந்தயமாக வைத்து வணிகர் தோற்றுவிடுவதே அதற்குக் காரணம். படிக்க வந்த இளைஞர் இரவில் என்ன செய்தனர் என்பதை அச்சாளரக் கூடைகளே சொல்லிவிடுகின்றன.

வீட்டாருக்குப் பணம் வேண்டி எழுதும் கடிதங்களுக்கு அக்காலத்தில் மாதிரிகளே தொகுக்கப்பட்டிருந்தன. நகரத்திற் செலவு மிகுதி என்பதே அவற்றின் ஓயாத பல்லவி. விருந்துகளும் பெருகின. ஆகவே 1215இல் பாப்பரசரின் தூதர் றொபேர் டி கூர்சோன் வகுத்த விதிகளில், புதிய ஆசிரியர் பதவியேற்கும் வைபவங்களிற் குடிவிருந்து கூடாதென்றும், சில நண்பரை மட்டுமே அழைக்கலாமென்றும் கட்டளையிடப்பட்டது.

இனி அச்சச்சரவுகளுக்கு வருவோம். முதலாவது 1200ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஜெர்மானிய மாணவர் ஒருவரின் பணியாள் திராட்சை மது வாங்கத் தவறணைக்குச் சென்றான்; அங்கு அடிக்கப்பட்டான். ஜெர்மானிய மாணவர் திரண்டு சென்று தவறணைக்காரனை அடித்தனர். உடனே நகரத்தின் தலைமை அதிகாரி ஆயுதந்தாங்கிய குடிமக்களுடன் மாணவர் விடுதியைத் தாக்கினார். மாணவர் சிலர் மாண்டனர் என்று ரோஜர் ஒவ் ஹவுடன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். ஆசிரியர் அனைவரும் நகரை விட்டு நீங்கிவிடுவரோ என அஞ்சிய மன்னர் இரண்டாம் பிலிப், அதிகாரியைச் சிறையிலிட்டு, மாணவருக்கு ஒரு சாசனம் அளித்தார். மாணவர் குற்றஞ் செய்தால் திருச்சபை நீதிமன்றமே விசாரிக்கும் என்றும், புதிதாகப் பதவியேற்கும் நகரத் தலைமை அதிகாரி ஒவ்வொருவரும் அவர்தம் உரிமைகளைக் காப்பதாகச் சத்தியஞ் செய்யவேண்டும் என்றும் அது விதித்தது.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1229இல், தவக்காலத்துக்கு முந்திய களியாட்டு நாட்களில், சென் மார்செல் என்னும் புறநகருக்குச் சென்ற சில மாணவர், ஒரு தவறணையில் நல்ல மதுவைக் கண்டு அருந்தினர். விலை பற்றி வாக்குவாதம் எழுந்தது; அயலவர் கூடி மாணவரை நையப் புடைத்தனர். மறுநாள் தடிகளுடன் பெருங்கூட்டமாய் வந்த மாணவர் தவறணையைச் சூறையாடி, மது வழிந்தோடச் செய்து, எதிர்ப்பட்ட ஆண் பெண் அனைவரையும் தாக்கினர். பராயமடையாத ஒன்பதாம் லூயி மன்னருக்காக ஆட்சி புரிந்த அவர்தம் தாயார் பிளான்ச் அரசி, தண்டனைக்கு ஆணையிட்டார். காவலரோ குற்றவாளிகளைத் தேடவில்லை. நகர மதிலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த வேறு மாணவர்மேற் பாய்ந்தனர். கலகத்திற் கலவாத பலர் உயிரிழந்தனர்.

ஆசிரியர் நீதி கேட்டனர், கிடைக்கவில்லை. விரிவுரைகள் நின்றன. ஆசிரியரும் மாணவரும் ஓர்லியன்ஸ், அஞ்சே, துலூஸ் ஆகிய நகரங்களுக்குப் பிரிந்து சென்றனர். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அழைப்பு விடுக்க, ஒக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சிலர் சென்றனர். புதிதாகத் தோன்றிய துலூஸ் பல்கலைக்கழகம், அங்கு அப்பமும் மதுவும் இறைச்சியும் மீனும் மலிவு என்று கூறி மாணவரை அழைத்தது! நாம் முன்னர்க் குறிப்பிட்ட ஜோன் ஒவ் கார்லண்டும் துலூஸுக்குச் சென்றவர்களுள் ஒருவர். பாரிஸில் அறைகள் வெறுமையாயின. மாணவரை நம்பி வாழ்ந்த வீட்டுக்காரரும் வணிகரும் வருவாய் இழந்தனர்.

இரண்டாண்டுகளின் பின், 1231 ஏப்ரல் 13இல், பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் புகழ்பெற்ற சாசனமொன்றை வெளியிட்டார். பாட முறை, உடை, விடுதி வாடகை ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. கொலை போன்ற கொடுமை இழைக்கப்பட்டு, 15 நாட்களுக்குள் பரிகாரம் கிட்டாவிடின், விரிவுரைகளை நிறுத்தலாம் என்றும் அது ஒப்புக்கொண்டது. ஆனால் நேயர்களே, அதே சாசனம் மாணவருக்கும் கடிவாளம் இட்டது. மாணவர் ஆயுதந் தாங்கி நகரிற் திரியலாகாது. அமைதியைக் குலைப்போரைப் பல்கலைக்கழகம் காப்பாற்றலாகாது. பாடசாலைக்குச் செல்லாமல் மாணவர் வேடம் பூண்டோர்க்கு உரிமை எதுவும் இல்லை.

ஊணும் உறையுளும் சீராக இல்லாதவிடத்துக் கல்வி சிறவாது என்பதை அறிந்தோர் வேறு வழியும் கண்டனர். ஏழை மாணவருக்கு உறைவிடம் அளிக்கும் அறநிலையங்கள் முன்னரே சில இருந்தன. 1257இல் றொபேர் டி சோர்போன் என்னும் குருவானவர், வறிய இறையியல் மாணவருக்கென ஓர் இல்லத்தை நிறுவினார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து ஒரே பந்தியில் உண்டு கற்கும் அவ்வில்லமே பின்னர் 'சோர்போன்' என உலகப் புகழ் பெற்றது.

மதுவின் விலை பற்றிய வாக்குவாதத்தைத் தொடங்கியவர்களும் தவறணையைச் சூறையாடியவர்களும் பிழைத்துக்கொண்டனர். மதிலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தவர்களோ மடிந்தனர். பல்கலைக்கழகம் பெற்ற உரிமைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே. ஆதலால், மாணவரின் உரிமையையும் பொறுப்பையும் ஒரே சாசனத்தில் எழுதிவைத்த அம்முன்னோரின் மதிநுட்பம் நாம் போற்றத்தக்கது.