ஒற்றிக் காணியும் வங்கித் தவணையும்

"வட்டி ஏறிட்டுது, இனி வீட்டு விலை இறங்கும், கொஞ்சம் பொறு." 2022இல் வீடு வாங்கத் திரிந்த எங்கட மாமாவுக்கு ஊரில் எல்லாரும் சொன்ன புத்தி இது. அந்த வருசம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியிருந்தது.

கணக்குப்படி அந்தப் புத்தியில் பிழையில்லை. 50 இலட்சம் ரூபா கடனை 20 வருசத்தில் கட்டுறதெண்டால், 8 வீத வட்டிக்கு மாதத் தவணை கிட்டத்தட்ட 42,000 ரூபா. வட்டி 20 வீதமானால் 85,000. தவணை 42,000தான் கட்டலாம் எண்டால் கடன் 25 இலட்சமும் வராது. வாங்குற ஆளின்ர கை சுருங்கினால் விற்கிறவர் இறங்கி வரத்தானே வேணும்?

வங்கிகள் வரமுன்னமே எங்கட ஆக்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றி இருக்கிறது. காசு தந்தவர் தனியாக வட்டி வாங்கமாட்டார். கடன் தீரும்வரை காணியின் விளைச்சலை அனுபவிப்பார். விளைச்சல்தான் வட்டி. சும்மா ஒரு உதாரணம்: வருசம் 10 ரூபா வருமானம் தாற காணிக்கு, 5 வீதம் போதும் எண்டவர் 200 ரூபா தரலாம். 10 வீதம் எதிர்பார்க்கிறவர் 100தான் தருவார். அதே காணி, அதே விளைச்சல். வட்டி கூட, காணிக்குக் கிடைக்கிற காசு பாதியாகிறது.

ஆனால் 2022இல் விலை இறங்கேல்லை. கொழும்பு மாவட்டத்துக்கு மத்திய வங்கி வெளியிடுற காணி விலைச் சுட்டெண்ணும் ஏறித்தான் நின்றது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. விற்று வாற காசை வங்கியில் போட்டால் எந்த வட்டியும் அதை ஈடுகட்டாது. அதனால் காணி வைத்திருந்தவர்கள் விற்கப் பயந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐ எட்டியது. வெளிநாட்டுக் காசு உள்ளவருக்கு, விலை ஏறின வீடும் மலிவாகத் தெரிந்தது.

வட்டி ஏறினால் விலை இறங்கும் எண்டது, வாங்குறவர்களில் கனபேர் கடனில் வாங்குற இடத்துக்குத்தான் நல்லாப் பொருந்தும். கைக்காசோடு வாறவருக்கு வட்டி தடையில்லை. சம்பளத்தை நம்பிக் கடன் கேட்டவர்தான் வரிசையில் இருந்து முதலில் விலகினார்.

மாமா கடன் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கினார். அவர் பார்த்து வைத்த வீட்டை இன்னொருத்தர் முழுக்காசும் கொடுத்து எழுதிக்கொண்டு போனார். மாமா இப்பவும் வாடகை வீட்டில்தான்.