முட்டுக்கட்டை (திருத்தேர்)

முட்டுக்கட்டை என்பது ஓடும் திருத்தேரை நிறுத்தவும் வேகம் தணிக்கவும் திசை திருப்பவும் சக்கரத்தின் அடியில் கொடுக்கப்படும் கனமான மரத்துண்டு. ஒரு முனை தடித்தும் மறுமுனை சரிந்தும் இருக்கும். இயற்பியல் கணக்கில் இது ஓர் ஆப்பு. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஏரோன் வரிசைப்படுத்திய ஐந்து எளிய எந்திரங்களில் (அச்சுருளை, நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு) ஆப்பும் ஒன்று. சாய்தளம் ஆறாவதாகப் பிற்காலத்தில் சேர்ந்தது.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்கள் ஓடுகின்றன. விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் என ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்கள் மாட வீதிகளைச் சுற்றி நிலைக்கு வரும். அம்மன் தேரைப் பெண்கள் மட்டுமே இழுப்பது இவ்வூர் வழக்கம். அண்ணாமலையார் ஏறிவரும் பெரிய தேர் பழுதுபார்க்கப்பட்டு 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விடப்பட்டது. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் மேற்கே போகப் போக நிலம் உயர்கிறது. எனவே மேற்கிலுள்ள பேகோபுரத்தை நோக்கிப் போகும்போது தேர் மேடேறுகிறது. கிழக்கே திரும்பி வரும்போது இறக்கத்தில் தானே ஓடப் பார்க்கிறது. ஏற்றத்தில் கட்டை சக்கரத்தின் பின்னால் காத்திருக்கும், இறக்கத்தில் முன்னால்.

தேரின் அச்சுகள் அடிச்சட்டத்தோடு இறுகப் பிணைந்தவை. மாட்டுவண்டியைப் போல இழுக்கும் பக்கம் ஒடித்துத் திருப்ப இயலாது. ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையால் தடுத்தால் மறுபக்கச் சக்கரம் முன்னேறும், தேர் தடுத்த பக்கமாக மெல்லத் திரும்பும். கட்டையைச் சற்றே சாய்த்து வைத்தாலும் சக்கரம் ஓரமாக வழுக்கித் திசை மாறும். கட்டை போடுபவர் சக்கரத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கூடவே நடப்பார். குரல் கேட்டதும் கட்டையைத் தரையோடு தள்ளிக் கொடுத்துவிட்டு அந்தக் கணமே கையை இழுத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் ஏறியதும் மரம் முறுமுறுத்து நார்நாராகப் பிய்யும். உராய்வில் சூடேறிப் புகைவதும் உண்டு.

விசைக் கணக்கு

ஆயிரம் பேர் இழுக்கும் தேரை ஒருவர் போடும் கட்டை நிறுத்துவது எப்படி? கணக்கு எளிதாக இருக்க, தேரின் எடை 80 டன், அதில் பாதி முன்சக்கரங்கள் இரண்டின்மேல் என்று கொள்வோம். சமதரையில் தேரை நகர்த்த எடையில் சில விழுக்காடே போதும். 3 விழுக்காடு என்றால் 2.4 டன். அதே முன்சக்கரங்கள் 30 பாகைச் சரிவுள்ள கட்டைகளில் ஏற வேண்டுமானால் அவை தாங்கும் எடையில் 58 விழுக்காட்டு இழுவை தேவை. அதாவது 23 டன், ஏறக்குறைய பத்து மடங்கு. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தேரின் இயக்க ஆற்றல் முழுவதும், வடத்தை விட்டுவிட்டால், முன்சக்கரங்கள் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். தேரை நிறுத்துவது அதன் சொந்த எடைதான். அந்த எடையை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்பதை மட்டுமே கட்டை முடிவு செய்கிறது.

ஆப்பு விசையைப் பெருக்குகிறது என்று பாடநூல்கள் சொல்வது பாதி உண்மை. மறுபாதி உராய்வு. கல் உடைக்கும் இரும்பு ஆப்பை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் அடித்தளக் கற்களைப் போன்ற பெரும் கருங்கற்கள், வரிசையாகக் குழி வெட்டி ஆப்பு இறக்கிப் பிளக்கப்படுபவை. 15 சென்டிமீட்டர் நீளமும் தலையில் 3 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள ஆப்பு, உராய்வே இல்லையென்றால் அடிவிசையின் ஐந்து மடங்கை ஒவ்வொரு பக்கமும் செலுத்தும். உராய்வுக் கெழு 0.3 என்றால் அது 1.25 மடங்காகச் சுருங்கிவிடும். இருந்தும் கல் பிளக்கிறது. 3 கிலோ சம்மட்டி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கி 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை ஏறத்தாழ 3.8 டன் எடைக்குச் சமம். போதாக்குறைக்குக் கருங்கல் நசுக்கலைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இழுப்பைத் தாங்காது.

கல்லில் விசையைத் தின்னும் அதே உராய்வுதான் தேரடியில் கட்டைக்கு உயிர். கட்டையின் சரிவுக் கோணம், உராய்வுக் கோணத்தின் (எந்தக் கோணத்தின் டான்ஜென்ட் உராய்வுக் கெழுவோ அந்தக் கோணம்) இரு மடங்குக்குள் இருக்கும்வரை சக்கரம் எவ்வளவு அழுத்தினாலும் கட்டை பிதுங்கி வெளியேறாது. இதில் தேரின் எடைக்கு வேலையே இல்லை. 50 டன் தேருக்கும் 300 டன் தேருக்கும் கோணம் ஒன்றே. உலர்ந்த மரத்துக்குக் கெழு 0.4 என்றால் எல்லை 44 பாகை வரை போகும். ஈரமோ எண்ணெயோ பட்டுக் கெழு 0.15 ஆகக் குறைந்தால் எல்லை 17 பாகைதான். காலையில் அசையாமல் பிடித்த 30 பாகைக் கட்டை, ஒரு மழைக்குப்பின் சக்கரத்தடியிலிருந்து தெறித்து ஓடும். கார்த்திகைத் திருவிழாவோ வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. கட்டையையும் தரையையும் ஈரம் போகத் துடைத்து வைப்பது சடங்கல்ல, பாதுகாப்பு.

துணை எந்திரங்கள்

நின்ற தேரைக் கிளப்பப் பின்சக்கரத்தின் அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து, அதன் மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். இது நெம்புகோல், நெல்லைப் பக்கம் இதைத் தடி போடுதல் என்பார்கள். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலைக்குத் தீபக் கொப்பரையைத் தோளில் சுமந்து போகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒரே எந்திரம் வளைந்து செல்லும் பாதை என்னும் சாய்தளம்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தத் தடைகளையும் பொருத்தித் தந்தது.  ஆனாலும் அங்கும் வீதி முனைகளில் தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போடுகிறார்கள்.